நாளையே திருப்பித் தந்துவிடுகிறேன்

நம் பழைய அடுக்குமாடி பிளாக் ஆட்கள் சேர்ந்து வைத்திருக்கும் கைப்பேசிக் குழுவில் போன வாரம் ஒரு துண்டுக் காணொளி வந்தது. நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நாடகத்தில் ஒரு நிருபர், பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் வாய்க்கு நேரே மைக்கை நீட்டி, இப்போது உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள். அதன் கீழே நம்மில் ஒருவர், பேரப்பிள்ளை எடுத்த மனிதர், "ரிப்போர்ட்டர்னாலே இப்படித்தான் லா" என்று எழுதினார். பதினேழு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீர்கள்.

எனக்குக் கை நடுங்கியது. சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்து மகள் ஓடிவந்து ஒரு மிட்டாயை வாயில் போட்டாள். சர்க்கரையும் இல்லை, ஒன்றும் இல்லை. கோபம். நாற்பது வருஷத்துக் கோபம், முட்டிவலியோடு சேர்ந்து இப்போதுதான் வெளியே வருகிறது. இது நீளமாக இருக்கிறதே என்று தள்ளிவிட்டுப் போகிறவர்கள் போகலாம். ஆனால் கிளமெண்டியில் அந்த ஒன்பதாம் மாடி நடைபாதையில் என்னோடு ஓடிப் பிடித்து விளையாடியவர்கள் கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும். இதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது.

என் அம்மா தமிழ்ப் பத்திரிகைக்குப் பகுதிநேர நிருபராக இருந்தாள். அது உங்களுக்குத் தெரியும். அவள் என்ன வேலை செய்தாள் என்பது உங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவள் யாரையும் துரத்தவில்லை. ஊழலைக் கண்டுபிடிக்கவில்லை. கோயில் குடமுழுக்கு, சங்கத்தின் விளையாட்டுப் போட்டி, ஆறாம் வகுப்புத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளை, அறுபதாம் கல்யாணம், இறந்தவர்கள். இவைதான் அவள் எழுதியவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வேண்டும். அப்போது யார் வீட்டிலும் ஒரு படத்துக்கு இரண்டு பிரதி கிடையாது. சுவரில் மாட்டியிருப்பதைக் கழற்றியோ, ஆல்பத்தில் ஒட்டியிருப்பதைப் பிரித்தோதான் கொடுக்கவேண்டும். வாங்கும்போது அம்மா சொல்லும் ஒரே வாக்கியம், "நாளைக்கே திருப்பிக் குடுத்துடறேன்."

நாளைக்கே என்றால் உண்மையில் நாலு நாள் ஆகும். ஆனால் திரும்பி வரும். படத்தின் பின்பக்கம் பென்சிலால் அழுத்தாமல் பெயர் எழுதுவாள். அழுத்தினால் முன்பக்கம் முகத்தில் தடம் விழும். பழுப்பு உறையில் போட்டு, ஒரு சதுரமான பிஸ்கட் டின்னுக்குள் வைப்பாள். அச்சகத்தில் வேலை முடிந்ததும் மறுபடியும் அதே டின். அந்த மூடியைத் திறந்தால் பழைய பிஸ்கட் வாசமும் படம் கழுவும் மருந்து வாசமும் கலந்து மூக்கில் ஏறும். சனிக்கிழமை தோறும் நானும் அவளும் பஸ் ஏறி வீடு வீடாகப் போய்ப் படங்களைக் கொடுப்போம். தபாலில் அனுப்பினால் மடங்கிவிடும் என்பாள். ஒரு முறை ஒரு கல்யாணப் படத்துக்கு உரியவர்கள் வீடு மாறிப் போய்விட்டார்கள். மூன்று விலாசம் மாறி, நாலு மாதம் அலைந்து, கடைசியில் பிடோக்கில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு படம் கொடுத்ததே மறந்துபோயிருந்தது.

அந்த டின் இப்போது எங்கே என்று தெரியவில்லை. வீடு மாற்றியபோது போயிருக்கும்.

இனி அந்தக் காலத்து நாடகத்துக்கு வருகிறேன். அதன் பெயரை எழுதமாட்டேன், உங்களுக்கே தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓடும். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்கு இழுக்கும் மரக்கதவு இருக்கும். அதைத் திறப்பதற்கு முன்பே உங்களில் பாதிப் பேர் எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடுவீர்கள், எங்கள் பெட்டி பெரியது என்பதால். அந்த நாடகத்தில் ஒரு நிருபர் வந்தாள். கறுப்புக் கண்ணாடி, தோளில் பெரிய கைப்பை. கணவனை இழந்த ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போய் அவளோடு சேர்ந்து அழுவாள். படம் கேட்பாள். அந்தப் பெண் மறுப்பாள். நிருபர் சுத்தத் தமிழில், "நாளையே திருப்பித் தந்துவிடுகிறேன்" என்பாள். அந்தப் பெண் காப்பி போட உள்ளே போனதும், சுவரில் மாட்டிய படத்தைச் சட்டத்திலிருந்து உருவிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவாள். மறுநாள் பத்திரிகையில் இறந்தவனைப் பற்றி அசிங்கமான கதை வரும். அந்த விதவை தூக்கில் தொங்கப் போவாள்.

பக்கத்து வீட்டு ஆண்ட்டி எங்கள் கூடத்தில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மறுநாள் காலை லிஃப்டில் அம்மாவைப் பார்த்து யாரோ, "என்ன ரிப்போர்ட்டரம்மா, இன்னைக்கு யார் வீட்டுல?" என்று கேட்டார்கள். லிஃப்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

ஒரு வாரத்துக்குள் அந்த வாக்கியம் பிளாக் முழுக்கப் பரவிவிட்டது. அடித்தாலும் வாயில் சுத்தத் தமிழ் வராத நாமெல்லாம், அழிப்பான் இரவல் வாங்கினாலும் குடை வாங்கினாலும், குரலைத் தாழ்த்தி "நாளையே திருப்பித் தந்துவிடுகிறேன்" என்றோம். ஈரச்சந்தையில் மீன்காரர் மீதிச் சில்லறைக்கு அதைச் சொன்னார். பள்ளியில் ஆசிரியர் தின விழாவுக்கு நாங்கள் போட்ட குட்டி நாடகத்தில் நான்தான் அந்த நிருபர். அம்மாவின் கைப்பையைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய்த் தோளில் மாட்டிக்கொண்டு மேடையில் நடந்தேன். கைதட்டல் நிற்கவே இல்லை. எனக்கு வெட்கமாக இல்லை. பெருமையாக இருந்தது.

ஒன்று கேட்கிறேன். அதே நாடகத்தில் ஒரு மாமியார் மருமகளின் பாலில் விஷம் கலந்தாள். அதைப் பார்த்துவிட்டு உங்கள் அம்மாக்களில் யாராவது தன் மாமியார் போட்ட காப்பியைக் குடிக்காமல் இருந்தார்களா? ஒரு டாக்டர் லஞ்சம் வாங்கினார். அதற்காகக் காய்ச்சல் வந்தால் மருந்தகத்துக்குப் போகாமல் இருந்தீர்களா? மாமியாரும் டாக்டரும் எப்படி என்று உங்களுக்குத் தெரியும், அதனால் அது நாடகம். நிருபரை உங்களுக்குத் தெரியாது, அதனால் அது உண்மை. எழுதியவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கதைக்கு ஒரு பொல்லாதவள் வேண்டும், வைத்தார். நிஜமான நிருபர் ஒருத்தியின் வீட்டுக் கூடத்தில், அவள் போட்ட பாயில் உட்கார்ந்துகொண்டு அதை நம்பினீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அம்மா அந்த வாக்கியத்தைச் சொல்வதை விட்டுவிட்டாள். சொன்னால் எதிரில் இருப்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒரு சாவு வீட்டில்கூட ஒருவர் சிரிப்பை அடக்கமுடியாமல் எழுந்து போனாராம். வேலை முடிந்ததும் கொடுத்தனுப்புகிறேன் என்று சொல்லிப் பார்த்தாள், பத்திரமாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தாள். அவள் வாய்க்கு எதுவும் படியவில்லை. வார்த்தை தேடித் தடுமாறினாள். தடுமாறினால் இன்னும் சந்தேகம். கடைசியில் படம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்க ஆரம்பித்தாள். டின்னில் உறைகள் குறைந்தன. முகமில்லாமல் வெறும் எழுத்தாகச் செய்திகள் போயின.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். அவர் சொன்ன யோசனை, "சிரிச்சுட்டு விட்டுடு. நாடகம் முடிஞ்சா எல்லாரும் மறந்துடுவாங்க." நல்ல மனிதர், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இன்னும் ஆறு வாரம்தானே என்று கணக்குப் போட்டார். அந்த ஆறு வாரத்துக்குள் என்ன நடக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்.

பக்கத்து வீட்டு அங்கிள் காணாமல் போனார்.

ஆண்ட்டியும் அங்கிளும் கத்தோலிக்கர்கள், பிள்ளை இல்லை. அங்கிள் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நம் எல்லோருக்கும் பழைய டிக்கெட் கட்டுகள் கொடுப்பாரே, அவர்தான். அவருக்கு மறதி வந்திருந்தது. இப்போது அதற்கு ஒரு பெயர் சொல்கிறார்கள், ஊர் ஊராகப் பரிசோதனை முகாம் வைக்கிறார்கள். அப்போது அதற்குப் பெயர் பைத்தியம். ஆண்ட்டி அதை யாருக்கும் தெரியாமல் மூடி மறைத்து வைத்திருந்தார். ஒரு திங்கட்கிழமை காலை ஆண்ட்டி குளிக்கப் போன நேரத்தில், வெள்ளைச் சட்டையும் இடுப்பில் நீலக்கட்டம் போட்ட சாரமுமாக அங்கிள் வெளியே போய்விட்டார். அடையாள அட்டை மேசைமேல் கிடந்தது.

காவலர்கள் வந்தார்கள், எழுதிக்கொண்டார்கள், தேடினார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அடையாள அட்டையில் இருந்த படத்தில் அங்கிளுக்கு அடர்ந்த மீசையும் தலை நிறைய முடியும் இருந்தன. காணாமல் போனவருக்கு மீசையும் இல்லை, முடியும் இல்லை. சமீபத்துப் படம் ஒன்றே ஒன்றுதான். தேவாலய விழாவில் எடுத்து, பெரிதாக்கி, கூடத்துச் சுவரில் இயேசுவின் படத்துக்குக் கீழே மாட்டியிருந்தார்கள். அது தன் கையை விட்டுப் போகக்கூடாது என்று ஆண்ட்டி காவலர்களிடம்கூட அதைக் கொடுக்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். நாளைக் காலைப் பத்திரிகையில் அங்கிளின் முகத்தைப் போட்டால் சாயங்காலத்துக்குள் யாராவது பார்த்துச் சொல்லிவிடுவார்கள் என்றாள். மறதி என்ற வார்த்தை வரவே வராது என்று சத்தியம் செய்தாள். ஆண்ட்டி விரலில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டு சுவரையே பார்த்தார். அம்மா அந்தப் பழைய வாக்கியத்தைச் சொல்ல வாயெடுத்ததை நான் பார்த்தேன். உதடு பிரிந்தது. பிறகு மூடிக்கொண்டது.

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு ஆண்ட்டி எங்களுக்குத் தண்ணீர் எடுக்க உள்ளே போனார். அம்மா என்ன செய்தாள் தெரியுமா? படம் இருந்த சுவரை விட்டு விலகி வாசல் கதவோரம் வந்து நின்றுகொண்டாள். என்னையும் இழுத்து நிறுத்தினாள். யாரும் எதுவும் நினைத்துவிடக் கூடாதாம்.

அன்று மாலை நடைபாதையில் ஆண்ட்டியைச் சுற்றிக் கூட்டம் கூடியது. "குடுத்துடாதீங்க சிஸ்டர். படத்தைப் போட்டுட்டு, பைத்தியம் ஓடிப்போச்சுன்னு எழுதுவாங்க. நாடகத்துல பாத்தீங்கல்ல?" இதைச் சொன்னவர் யார் என்று நான் எழுதமாட்டேன். அவர் பெற்ற பிள்ளைதான் போன வாரம் நம் குழுவில் "ரிப்போர்ட்டர்னாலே" என்று எழுதியது. எழுதியவருக்கு இது இந்நேரம் புரிந்திருக்கும்.

மறுநாள் நான் பள்ளி விட்டு வந்தபோது ஆண்ட்டி கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். என்னைக் கூப்பிட்டார். முகம் வீங்கியிருந்தது.

"பாப்பா, உங்கம்மா படத்தைத் திருப்பித் தருவாங்களா? தர்றேன்னு அவங்க ஒரு வார்த்தைகூடச் சொல்லலையே."

நான் அந்த டின்னைத் தூக்கிக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கியவள். பிடோக் வீட்டுக் கதவு தட்டப்பட்டபோது பக்கத்தில் நின்றவள். ஒரே ஒரு படம்கூடத் திரும்பாமல் போனதில்லை என்று இந்த உலகத்தில் அம்மாவுக்கு அடுத்தபடியாகத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஆனால் படிக்கட்டில் நீங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அம்மாவுக்காகப் பரிந்து பேசினால் நான் நிருபரின் மகளாகிவிடுவேன். மேடையில் நிருபராக நடித்தவளாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

"தெரியாது ஆண்ட்டி" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் ஐந்து வரி வந்தது. வயது, உயரம், வெள்ளைச் சட்டை, சாரம், தகவல் தெரிந்தால் சொல்லவும். படம் இல்லை. மறதி என்ற வார்த்தையும் இல்லை, அம்மா சொன்ன சொல் தவறவில்லை. அன்று சாயங்காலம் வழக்கம்போல எங்கள் கூடத்தில் நாடகம் ஓடியது. ஆண்ட்டி மட்டும் வரவில்லை. நீங்கள் வந்தீர்கள்.

பத்தாம் நாள் அங்கிளைப் பற்றித் தகவல் வந்தது. தேக்கா சந்தைப் பக்கம், கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் காய்ச்சலோடு மழையில் நனைந்து விழுந்து கிடந்தவரை யாரோ மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். நினைவு திரும்பவே இல்லை. இரண்டு நாள் பெயர் தெரியாத ஆளாக அங்கே கிடந்து இறந்துபோனார். கைரேகையை வைத்துத்தான் அவர் யார் என்று கண்டுபிடித்தார்கள்.

அம்மா அன்றைக்கே தேக்காவுக்குப் போனாள். பத்திரிகைக்காக இல்லை. எழுதவும் இல்லை. அங்கிள் எட்டு நாள் எங்கே இருந்தார் என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் சாப்பிட முடியவில்லை. என்னையும் கூட்டிப் போனாள். சந்தைக்கு மேலே துணி தைக்கிற கடைகள், கீழே ஆட்டுக்கறி வாடை, மழைத்தண்ணீர் மிதிபட்டுக் கறுத்த தரை. ஒவ்வொரு கடையாகக் கேட்டுக்கொண்டே போனோம். ஒரு தேத்தண்ணிக் கடைக்காரர், அம்மா பாதி சொல்லும்போதே, வழுக்கையா, இடது கையில் விரல்களை இப்படி விரித்து வைத்திருப்பாரா என்று கேட்டார். அங்கிள் டிக்கெட் கட்டைப் பிடித்துப் பிடித்து அந்தக் கை அப்படியே நின்றுபோயிருந்தது.

செவ்வாய்க்கிழமையிலிருந்து தினமும் காலையில் வந்தாராம். ரொட்டியும் தேத்தண்ணியும் இவர் கொடுத்திருக்கிறார், காசு கேட்கவில்லை. பெயரைக் கேட்டால் ஒரு பஸ் நம்பரைச் சொல்வாராம். பக்கத்தில் எங்கேயோ வீடு, மருமகள் சரியாகக் கவனிப்பதில்லை போலிருக்கிறது என்று இவர் நினைத்துக்கொண்டார். தமிழ்ப் பத்திரிகை தினமும் வாங்குவீர்களா என்று அம்மா கேட்டாள். அவர் மேசையைக் காட்டினார். அன்றைய பத்திரிகை தேத்தண்ணிக் கறையோடு விரித்துக் கிடந்தது.

"அந்த அஞ்சு வரியைப் படிச்சேம்மா. வெள்ளச் சட்ட சாரம்னா தேக்காவுல எத்தனை பேரு. அவர் இந்த மேசையிலதான் உக்காந்திருந்தாரு, நான் படிக்கும்போது. ஒரு போட்டோ மட்டும் போட்டிருந்தீங்கன்னா."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். பதினோரு வயதில் எனக்கு நடிக்க நன்றாகத் தெரிந்திருந்தது.

அடக்கத்துக்கு முதல் நாள் மத்தியானம் ஆண்ட்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் அந்தப் படம், சட்டத்தோடு. சுவரிலிருந்து தானே கழற்றிக்கொண்டு வந்திருந்தார். சட்டத்தின் மேல் விளிம்பில் தூசு இருந்தது, அவர் விரல் பட்ட இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. மரண அறிவிப்பில் போடச் சொன்னார். அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். உட்காரச் சொன்னாள். ஆண்ட்டி உட்காரவில்லை.

"அன்னைக்கு நான் தண்ணி எடுக்க உள்ள போனேன்" என்றார். "படம் சுவத்துலதான் இருந்துச்சு. நீங்களும் பாப்பாவும் மட்டுந்தான் நின்னீங்க."

"ஆமாக்கா" என்றாள் அம்மா.

"நான் வேணும்னேதான் கொஞ்ச நேரம் உள்ளயே நின்னேன். என் கையால எடுத்துக் குடுக்கத்தான் பயமா இருந்துச்சு. அந்த நாடகத்துக்காரி எடுத்தாளே. நீங்களும் எடுத்துட்டுப் போயிருக்கலாம்ல?"

குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே காரணம் தெரியாமல்தான் கேட்டார். அம்மா படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல அது நேரமா?

ஆண்ட்டி அப்புறம் என்னைப் பார்த்தார். நான் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். உன்னிடம்தானே கேட்டேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் அம்மா ரொம்ப நாள் எழுதவில்லை. முப்பது வருஷம் கழித்து, படுக்கையில் கிடந்தபோதும் திடீரென்று கேட்பாள், அன்றைக்கு அந்தப் படத்தை நானே எடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டுமோ என்று. பிழை தன்னுடையது என்று நம்பியே போய்ச் சேர்ந்தாள். ஆண்ட்டி என்னைக் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் அவளிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.